சிங்கில் கிரைண்டரா, வளவில் பரலா? திருகோணமலை வீட்டுக் குசினிக் கழிவுக்கு ஒரு வழி

கனடாவிலிருந்தோ அவுஸ்திரேலியாவிலிருந்தோ விடுமுறைக்கு வந்து நிற்கிற சொந்தக்காரர் யாராவது உங்களிடமும் சொல்லியிருப்பார்: "எங்கட வீட்டில சாப்பாட்டு மிச்சத்தை சிங்குக்குள்ள தள்ளி சுவிச்சைப் போட்டால் சரி, அரைஞ்சு போயிடும், குப்பை வாளியே தேவையில்லை." கேட்க நல்லாய்த்தான் இருக்கிறது. இப்போது புதிதாக வீடு கட்டுகிறவர்களும், உப்புவெளி, நிலாவெளிப் பக்கம் கெஸ்ட் ஹவுஸ் போடுகிறவர்களும் இந்தச் சிங்க் கிரைண்டரைப் பூட்டலாமா, இது சுற்றாடலுக்கு நல்லதாமே என்று கேட்கிறார்கள்.

பதிலை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். திருகோணமலையில் சாதாரண வீட்டுக்கு இது வேண்டாம். மெஷின் கூடாத மெஷின் என்பதால் அல்ல. அரைத்த கழிவு போய்ச் சேருகிற இடம் இங்கே சரியில்லை, அவ்வளவுதான்.

மெஷினைப் பற்றி முதலில் கொஞ்சம். 1927இல் அமெரிக்காவில், விஸ்கொன்சின் மாநிலத்து ரசீன் நகரத்தில் ஜோன் ஹாம்ஸ் என்ற கட்டடக் கலைஞர் இதை உருவாக்கினார், 1938இல் அதை விற்கக் கம்பனியும் தொடங்கினார். உள்ளே மிக்ஸியில் இருப்பது போல கூரான பிளேட் இருக்கும் என்றுதான் நிறையப் பேர் நினைக்கிறார்கள், அப்படி எதுவும் இல்லை. அடியில் ஒரு தட்டு வேகமாகச் சுற்றும், அதில் உள்ள மொட்டையான இரும்புத் துண்டுகள் கழிவைச் சுற்றுச்சுவரில் உள்ள அரைக்கும் வளையத்தில் அடித்து நொறுக்கும், நொறுங்கியது தண்ணீரோடு குழாயில் இறங்கும்.

கரண்ட் பில் ஏறிவிடும் என்று பயப்படத் தேவையில்லை. அரைக் குதிரைவலு மோட்டர் ஏறக்குறைய 375 வாட், ஒரு நாளைக்கு ஒரு நிமிடம் ஓடினால் வருடம் முழுதுக்கும் 2, 3 யூனிட்தான் வரும். தண்ணீர் கொஞ்சம் கூடப் போகும், ஏனென்றால் அரைக்கிற நேரம் முழுக்கவும், அரைத்த பிறகும் சிறிது நேரம் பைப் திறந்தே இருக்க வேண்டும். கந்தளாய்க் குளத்திலிருந்து வருகிற தண்ணீரை ஆவணி வெயிலில் எண்ணி எண்ணிச் செலவழிக்கிற எங்களுக்கு அது ஒரு சின்ன உறுத்தல், ஆனால் உண்மையான பிரச்சினை அது இல்லை.

குழாய் எங்கே போகிறது?

இதுதான் முழுக் கதையும். வெளிநாட்டு நகரங்கள் பலவற்றில் வீட்டுக் கழிவுநீர் நிலத்தடிக் குழாய் வழியே பெரிய சுத்திகரிப்பு நிலையத்துக்குப் போகும். அங்கே காற்றுப் புகாத தாங்கிகளில் சேறு நொதித்து மீதேன் வாயு வரும், அதைப் பிடித்து மின்சாரம் எடுக்கிற நிலையங்களும் உண்டு. அப்படிப்பட்ட இடத்தில் சாப்பாட்டுக் கழிவை அரைத்து அனுப்புவது, அதை லொறியில் ஏற்றி மேட்டில் கொட்டிப் புதைப்பதை விட நல்லதாக இருக்கலாம். குப்பை மேட்டுக்குள் காற்றில்லாமல் அழுகுகிற சோறும் மரக்கறியும் விடுகிற அதே மீதேன், நூறாண்டுக் கணக்கில் காபனீரொட்சைட்டை விட ஏறக்குறைய 28 மடங்கு சூடாக்கும். அந்தக் கணக்கை வைத்துத்தான் "சூழலுக்கு நல்லது" என்று விளம்பரம் செய்கிறார்கள், அது பொய்யும் இல்லை. ஆனால் நியூயோர்க் மாதிரியான நகரமே, மழைநீரும் கழிவுநீரும் ஒரே குழாயில் ஓடுகிற பகுதிகளில் இந்த மெஷினை 1997 வரைக்கும் தடை செய்து வைத்திருந்தது. குழாய் தாங்காது, மழைக்குப் பொங்கி ஆற்றில் விழும் என்ற பயம்.

இலங்கையில் நிலத்தடிக் கழிவுநீர்க் குழாய் உள்ள ஊர்களை விரல் விட்டு எண்ணிவிடலாம். கொழும்பில் ஆங்கிலேயர் காலத்துக் குழாய்கள் இருக்கின்றன, அங்கேயும் முகத்துவாரத்திலும் வெள்ளவத்தையிலும் கடலுக்குள் நீளுகிற குழாய்களில்தான் போய் முடிகின்றன. திருகோணமலையில் எங்கள் வீடுகளுக்கு மலக்குழியும் ஊறுகுழியும்தான்.

உங்கள் வீட்டில் குசினித் தண்ணீர் எங்கே போகிறது என்று தெரியுமா? பலருக்குத் தெரியாது, கட்டின மேசனுக்குத்தான் தெரியும். பார்ப்பதற்கு லேசான வழி இருக்கிறது. உடுப்புக்குப் போடுகிற நீலத்தை ஒரு வாளித் தண்ணீரில் நன்றாகக் கலக்கி சிங்கில் ஊற்றுங்கள், பிறகு பைப்பைத் திறந்து விட்டு வெளியே போய்ப் பாருங்கள். பின் வளவில் வாழையடிக்கு வருகிறதா, தனி ஊறுகுழிக்கா, மலக்குழிக்கா, இல்லையென்றால் மதிலுக்கு வெளியே ரோட்டுக் கானுக்கா? (கானுக்கு வந்தால் அடுத்த வீட்டுக்காரர் பார்ப்பதற்கு முன்னம் திருத்தப் பாருங்கள்.) கானுக்குப் போகிற குழாயில் கிரைண்டர் பூட்டினால், நீங்கள் செய்வது குப்பையைக் கூழாக்கிக் கடலுக்கு விடுகிற வேலை. டச்சுக்குடாவிலோ உள்துறைமுகப் பக்கத்திலோ மழைக்குப் பிறகு கான் வாயில் நின்று பார்த்தவர்களுக்கு நான் அதிகம் விளக்கத் தேவையில்லை.

மலக்குழிக்குப் போனால் என்ன நடக்கும்? குழிக்குள் பாரமானது அடியில் சேறாகப் படியும், எண்ணெயும் கொழுப்பும் மேலே ஆடையாக மிதக்கும், நடுவில் உள்ள ஓரளவு தெளிந்த தண்ணீர்தான் ஊறுகுழிக்கு ஓட வேண்டும். அரைத்த சாப்பாடு இந்த ஒழுங்கைக் குழப்பும். பொடியாக இருப்பதால் சீக்கிரம் படியாது, மிதந்து கொண்டே ஊறுகுழிக்குப் போய் மண்ணின் துளைகளை அடைக்கும். படிகிற மீதி சேற்றின் உயரத்தைக் கூட்டும், அதனால் கல்லி பவுசரை (குழிச் சேற்றை உறிஞ்சி எடுக்கிற வண்டி) வழமையை விடச் சீக்கிரம் கூப்பிட வேண்டி வரும். அங்கே நொதித்து வருகிற மீதேனையும் யாரும் பிடிப்பதில்லை, காற்றுக் குழாய் வழியே வெளியே போய்விடும். ஆகவே வெளிநாட்டில் சொல்கிற அந்த நன்மையில் ஒன்று கூட எங்களுக்கு மிஞ்சாது.

இதை விடப் பெரிய கவலை கிணறு. கரையோரம் முழுக்க மணல் நிலம், ஊற்றுகிற எதுவும் விறுவிறு என்று கீழே இறங்கும், மணல் வடிகட்டுவதற்கு முன்னமே நிலத்தடி நீரைத் தொட்டுவிடும். கார்த்திகை மார்கழியில் வாடை மழை பிடித்தால் நீர்மட்டம் மேலே வந்து குழிக்குள்ளேயே நிற்கும். மலக்குழிக்கும் கிணற்றுக்கும் குறைந்தது 50 அடி இடைவெளி வேண்டும் என்று பொதுவாகச் சொல்வார்கள், ஆனால் காணியைத் துண்டு துண்டாகப் பிரித்து விற்ற இடங்களில் உங்கள் கிணற்றுக்கு 50 அடி விட்டாலும் பக்கத்து வீட்டுக் கிணற்றுக்கு 15 அடிதான் இருக்கும். அந்தக் குழிக்குள் நாளாந்தம் ஒன்றிரண்டு கிலோ சாப்பாட்டுக் கூழையும் சேர்த்து விடுவது நல்ல யோசனை இல்லை.

இன்னொன்று, எங்கள் குசினிக் கழிவு இந்த மெஷினுக்கு ஒத்துவராத சாப்பாடு. முருங்கைக்காய்ச் சக்கை, வாழைத்தண்டு நார், வெங்காயத் தோல், ரம்பை, கறிவேப்பிலை ஈர்க்கு, இதெல்லாம் சுற்றிக்கொண்டு சிக்கும். மீன் செதில் ஒட்டும். நண்டுக் கோதும் மாட்டெலும்பும் சத்தம் போடும். மிஞ்சின சோறு குழாய் வளைவில் ஊதிப் பசையாகும், பலாக்காய்ப் பால் பட்டால் சொல்லவே வேண்டாம். தேங்காய்ப்பூச் சக்கை மட்டும் நன்றாக அரையும், ஆனால் அதோடு போகிற கொழுப்பு குழாய்ச் சுவரில் பிடித்துவிடும். கனடாவிலிருந்து பெட்டியில் வந்த மெஷின் என்றால் அங்கத்தைய 120 வோல்ட்டுக்குச் செய்தது, இங்கே 230இல் நேரே கொடுத்தால் முதல் நாளே புகைதான்.

சரி, அப்போ என்ன செய்வது?

சபை வண்டியில் எல்லாவற்றையும் கலந்து கொடுப்பது பதில் இல்லை. இந்த நாட்டு வீட்டுக் குப்பையில் பாதிக்கு மேல் உக்கிப்போகிற பொருள்தான், அதைப் பிளாஸ்டிக்கோடு கலந்து மலையாகக் குவித்தால் என்ன ஆகும் என்பதை 2017 சித்திரைப் புத்தாண்டு அன்று மீதொட்டமுல்லையில் பார்த்தோம், மேடு சரிந்து 30 பேருக்கு மேல் செத்துப்போனார்கள். எங்கள் மாகாணத்திலேயே, அம்பாறை பள்ளக்காட்டுக் குப்பை மேட்டில் பிளாஸ்டிக் தின்று யானைகள் சாகின்றன. யானை பிளாஸ்டிக்கை விரும்பித் தின்பதில்லை, அதில் ஒட்டியிருக்கிற சோற்று வாசத்துக்குத்தான் தின்கிறது. டவுனுக்குள் சுற்றுகிற எங்கள் புள்ளிமான்களும் சொப்பிங் பையைக் கிளறுவது அதே காரணத்துக்குத்தான். ஈரக் கழிவை வீட்டிலேயே நிறுத்திவிட்டால் மிச்சக் குப்பை நாறாது, மிருகமும் வராது.

வளவு உள்ளவர்களுக்கு பரல் முறை. 200 லீற்றர் நீல பிளாஸ்டிக் பரல் ஒன்று எடுங்கள், இரசாயனம் வந்த பரலாக இருக்கக் கூடாது. அடியை வெட்டி எடுத்துவிட்டு, சுற்றிவர அரை இஞ்சித் துளைகள் நிறையப் போடுங்கள். நிழலில், கிணற்றிலிருந்து தள்ளி, மண்ணில் நேரே நிறுத்துங்கள். அடியில் கோழிக்கூட்டுக் கம்பி வலை ஒரு துண்டு விரித்தால் பெருச்சாளி கீழிருந்து தோண்டி வராது. அதற்கு மேல் அரை அடி உயரத்துக்குப் பொச்சுமட்டைத் துண்டும் சுள்ளியும், அதற்கு மேல் சருகு, மாட்டுச் சாணம் கிடைத்தால் ஒரு சட்டி கரைத்து ஊற்றலாம்.

நாளாந்த வேலை இவ்வளவுதான்: குசினியில் மூடியுள்ள சின்ன வாளி ஒன்றில் தோல், சக்கை, தேயிலைச் சக்கை, முட்டைக் கோது எல்லாம் சேருங்கள், தண்ணீரை வடித்துவிட்டுப் பரலில் கொட்டுங்கள், கொட்டின அளவைப் போல இரண்டு மடங்கு சருகைப் போட்டு மூடுங்கள். இந்த இரண்டு மடங்கைத்தான் எல்லோரும் விட்டுவிடுகிறார்கள், பிறகு "மணக்குது, புழு வைக்குது, இது சரிவராது" என்று பரலைத் தண்ணீர்த் தொட்டியாக்கிவிடுகிறார்கள். பச்சைக் கழிவில் நைதரசனும் தண்ணீரும் அதிகம், சருகில் காபன் அதிகம், உக்கச் செய்கிற நுண்ணுயிர்களுக்கு ஒரு பங்கு நைதரசனுக்கு 25, 30 பங்கு காபன் வேண்டும். சருகு குறைந்தால் மிஞ்சின நைதரசன் அமோனியாவாக மூக்கில் அடிக்கும், காற்றும் போகாமல் அழுகும். மணந்தால் மருந்து ஒன்றுதான், இன்னும் சருகு போட்டுக் கம்பியால் கிளறுங்கள்.

சருகுக்கு எங்கே போவது என்று கேட்காதீர்கள். முற்றம் கூட்டி மூலையில் குவித்து, பின்னேரம் நெருப்பு வைத்து, அயலட்டையெல்லாம் இருமுகிறோமே, அதுதான் சருகு. மாசி பங்குனியில் வேம்பு கொட்டுகிற கொட்டுக்கு உரப்பை உரப்பையாகக் கட்டி வைக்கலாம். மரமில்லாத வீடென்றால் மரம் அரிகிற இடத்து மரத்தூள் (பிளைவூட் தூள் வேண்டாம், அதில் பசை இருக்கும்), இல்லாவிட்டால் தும்புத்தூள், கிழித்த காட்போட் பெட்டி.

வாரம் ஒருமுறை கிளறுங்கள். ஈரம் சரியா என்று பார்க்க ஒரு கை அள்ளிப் பிழியுங்கள், ஒன்றிரண்டு சொட்டு வந்தால் போதும், ஒழுகினால் ஈரம் அதிகம், உதிர்ந்தால் குறைவு. ஆனி, ஆடியில் கச்சான் காற்று அடிக்கிற நேரம் பரல் காய்ந்து போய் வேலை நின்றுவிடும், அந்த நாட்களில் அரிசி கழுவின தண்ணீரை அப்படியே ஊற்றிவிடுங்கள். மாரியில் எதிர்ப்பக்கம்: மூடியை இறுக்கி மேலே கல் வைக்க வேண்டும், பரல் பள்ளத்தில் நின்றால் செங்கல் அடுக்கி உயர்த்த வேண்டும், முக்கியமாக மழைக்கு முன்னமே காய்ந்த சருகை நனையாத இடத்தில் சேர்த்து வைக்க வேண்டும். மார்கழியில் காய்ந்த சருகு தேடினால் கிடைக்காது.

ஒரு பரல் நிரம்ப 4, 5 பேர் உள்ள வீட்டில் கிட்டத்தட்ட 2, 3 மாதம் எடுக்கும், ஏனென்றால் போடப் போட அமுங்கிக்கொண்டே போகும். நிரம்பினதும் அதை விட்டுவிட்டு இரண்டாவதைத் தொடங்குங்கள், இரண்டாவது நிரம்புகிற நேரம் முதலாவது கறுத்து, மழை பெய்த மண் வாசத்தோடு இருக்கும். 2021இல் இரசாயனப் பசளையை ஒரே நாளில் நிறுத்தி எல்லோரையும் கொம்போஸ்ட் தேடி ஓட வைத்தார்களே, அந்த நேரம் கல்லும் கண்ணாடியும் கலந்து விற்ற மூட்டைகளைப் பார்த்தவர்களுக்கு வீட்டுப் பசளையின் அருமை தெரியும்.

உள்ளே பழுப்பு நிறத்தில் தட்டையான புழுக்கள் நெளிந்தால் பயப்பட வேண்டாம், அவை கழிவைத் தின்கிற புழுக்கள், கோழி இருந்தால் அள்ளிப் போடுங்கள், சண்டை பிடித்துத் தின்னும். இலையான் மொய்த்தால் மட்டும் சருகு போதவில்லை என்று அர்த்தம். சிரட்டையைப் பரலில் போடாதீர்கள், அது உக்க வருடக் கணக்காகும், அடுப்புக்கு வையுங்கள். வளவில் எறிந்தால் மழைத் தண்ணீர் தேங்கி நுளம்பு வரும், 2017இல் கிண்ணியாவில் டெங்கு பரவின பரவலை நாங்கள் மறக்கவில்லை, பி.எச்.ஐ. (பொதுச் சுகாதாரப் பரிசோதகர்) வந்தாலும் முதலில் பார்ப்பது அதைத்தான்.

மாடிவீடு, வளவில்லை என்றால்? துளையிட்ட மண்பானை மூன்றை ஒன்றன்மேல் ஒன்றாக வைத்து, மேல் பானையில் தும்புத்தூளோடு இதே வேலையைச் செய்யலாம், மீன் மட்டும் சேர்க்காதீர்கள். அதுவும் முடியாதென்றால் ஈரக் கழிவைத் தனியாகப் பிரித்து, பையில்லாமல், வாளியிலிருந்து நேரே வண்டியில் கொட்டுங்கள்.

மீன் கழிவுதான் பெரிய தலையிடி

திருகோணமலையில் குசினிக் கழிவு என்றால் பாதி மீன்தான். சூரைத் தலையும் குடலும் செவுளும் பரலுக்குள் போனால் தெரு நாய் முழுக்க உங்கள் மதிலடியில்தான் படுக்கும். இதற்குப் பழைய முறையே நல்லது. தென்னையடியிலிருந்து ஒரு பாகம் (ஏறக்குறைய ஆறு அடி) தள்ளி ஒன்றரை அடி ஆழத்தில் குழி வெட்டி, கழிவைப் போட்டு, கொஞ்சம் அடுப்புச் சாம்பல் தூவி, மண்ணால் மூடி மேலே பாரமான கல் ஒன்று வையுங்கள். அடுத்த முறை அதற்குப் பக்கத்தில், இப்படியே மரத்தைச் சுற்றி வாருங்கள். கிணற்றடித் தென்னைக்கு இது வேண்டாம். இறால் கோதையும் நண்டுக் கோதையும் வெயிலில் காய வைத்து நொறுக்கிக் கத்தரி, மிளகாய்ப் பாத்தியில் போடலாம், காகத்துக்கு எட்டாமல் காய வைப்பதுதான் கஷ்டம்.

மாரியில் குழி வெட்டினால் தண்ணீர் ஊறும். அந்த மாதங்களுக்கு மீன் கரைசல் சரி: மீன் கழிவும் பனங்கட்டியும் சம எடை (பனங்கட்டி விற்கிற விலைக்கு, கடையில் ஈரம் பட்டுக் கரைந்ததைக் கேட்டு வாங்குங்கள்), பிளாஸ்டிக் வாளியில் கலந்து, மேலே கால்வாசி இடம் விட்டு, மூடியை இறுக்காமல் மூடி நிழலில் ஒரு மாதம் வைக்க வேண்டும். கண்ணாடிப் போத்தல் வேண்டவே வேண்டாம், வாயு சேர்ந்து வெடிக்கும். சரியாக வந்தால் அழுகல் நாற்றம் போய்ப் புளித்த பழ வாசம் வரும். வடித்து, ஒரு லீற்றர் தண்ணீருக்கு ஒரு தேக்கரண்டிக்கு மேல் போகாமல் கலந்து பின்னேரத்தில் தெளியுங்கள், கூடினால் இலை கருகும்.

கெஸ்ட் ஹவுஸ்காரர்களுக்கும், ஏற்கெனவே பூட்டினவர்களுக்கும்

நாளுக்குப் பத்துக் கிலோவுக்கு மேல் சாப்பாட்டு மிச்சம் வருகிற இடமென்றால் கதை வேறு. அங்கே வளவிலேயே உயிர்வாயு (பயோகாஸ்) தாங்கி வைக்கலாம், அப்படி வைத்தால் அரைக்கிற மெஷினுக்கும் ஒரு நியாயம் வந்துவிடும். சோறு, பாண், கிழங்கு, மரக்கறி எல்லாவற்றையும் அரைத்து சம அளவு தண்ணீரோடு தாங்கிக்குள் விட்டால் சீக்கிரம் வாயு வரும், அது அடுப்புக்குப் போகும், வெளியே வருகிற கரைசல் தென்னைக்கும் வாழைக்கும் போகும். 2022இல் காஸ் சிலிண்டருக்கு வரிசையில் நின்ற யாருக்கும் இதன் பெறுமதியைச் சொல்லத் தேவையில்லை. தொடங்கும்போது சாணக் கரைசலால் நிரப்பி வாயு எரியத் தொடங்கும் வரை பொறுங்கள், பிறகு கழிவைக் கொஞ்சம் கொஞ்சமாகக் கூட்டுங்கள், ஒரேயடியாகக் கொட்டினால் உள்ளே புளித்து வாயு நின்றுவிடும். தேசிக்காய்த் தோல், எலும்பு, பொரித்த எண்ணெய் உள்ளே போகக் கூடாது. இணைப்புகளில் மாதம் ஒருமுறை சவர்க்கார நுரை தடவிப் பாருங்கள், குமிழ் வந்தால் கசிகிறது, கசிகிற மீதேன் வீணும் ஆபத்தும்.

குசினித் தண்ணீர் மட்டும் தனியே கொழுப்புப் பிடிக்கும் தொட்டி ஒன்றைத் தாண்டித்தான் ஊறுகுழிக்குப் போக வேண்டும். இரண்டு அறை, நடுவில் அடியால் மட்டும் தண்ணீர் போகிற தடுப்புச் சுவர், மேலே தூக்கக்கூடிய மூடி, சாதாரண மேசன் அரை நாளில் கட்டிவிடுவார். மேலே படிகிற கொழுப்பை வாரம் ஒருமுறை வழித்தெடுத்துச் சருகோடு புதையுங்கள்.

ஏற்கெனவே சிங்கில் மெஷின் பூட்டிவிட்டீர்கள், குழாய் மலக்குழிக்குத்தான் போகிறது என்றால், கழற்றி எறிய வேண்டாம். சிங்க் வாயில் சின்னக் கண் வலை ஒன்று வைத்து மீன், சோறு, தேங்காய்ச் சக்கை எல்லாவற்றையும் அதிலே பிடித்து வாளிக்கு அனுப்புங்கள், தட்டில் ஒட்டின துகளுக்கு மட்டும் மெஷினைப் போடுங்கள். பைப்பை முதலில் திறந்து, நின்ற பிறகும் கொஞ்ச நேரம் ஓட விடுங்கள், சுடுதண்ணீர் வேண்டாம், கொழுப்பு உருகித் தூரத்தில் போய் உறையும். அடைத்துக்கொண்டால் கையை உள்ளே விட வேண்டாம், சுவிச்சை மட்டுமல்ல பிளக்கையும் கழற்றிவிட்டு, மெஷினின் அடியில் உள்ள துளையில் அறுகோணச் சாவியை (அலன் கீ) போட்டுத் திருப்புங்கள். மலக்குழி மூடியை வருடம் ஒருமுறை திறப்பித்துச் சேறு எவ்வளவு என்று தடியால் அளந்து பாருங்கள், மூன்றில் ஒரு பங்கைத் தொட்டிருந்தால் பவுசருக்கு மாரி தொடங்க முன்னமே சொல்லிவிடுங்கள், மழை தொடங்கினால் எல்லா வீட்டுக்காரரும் ஒரே நேரத்தில் கூப்பிடுவார்கள்.